திரைவழிக் கைவினை: இணையப் பயிற்சிப் பாடங்கள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

விமரிசனத்தின் கவனம் பெரும்பாலும் முற்றுப்பெற்ற ஆக்கங்களின் மீதே குவிந்து வந்துள்ளது. கவிதை, நாவல், நாடகம், ஓவியம், திரைப்படம் ஆகியன ஆராயப்படுமளவுக்கு, அவற்றை ஆக்குவோர் தத்தம் தொழிலைக் கற்றுக்கொள்ளும் வழிகள் ஆராயப்படுவதில்லை. கலைஞன் பிறக்கிறானேயன்றி ஆக்கப்படுவதில்லை என்னும் பழைய கருத்து மறைமுகமாகவேனும் நம்மிடையே செல்வாக்குச் செலுத்துவது இதற்கொரு காரணம் எனலாம். ஆனால், எந்தச் சமூகத்திலும் கலைஞன் பயிற்றப்படுகிறான்; பயிற்றும் முறை மாறும்போது கலையின் இயல்பும் மாறுகிறது. பட்டறையிற் பயின்றவரும், கலைக்கல்லூரியிற் பயின்றவரும், தனியறையிலே திரையின் முன் அமர்ந்து பயின்றவரும் ஒரே வகையான கலைஞராக உருவாதல் இயலாது.

வரைகலை, முப்பரிமாண உருவாக்கம், அசைவூட்டம், ஒலித்தொகுப்பு, காணொளித் தொகுப்பு முதலிய கணினிசார் ஆக்கத்திறன்களை இன்றைய இளைஞருட் பலர் இணையப் பயிற்சிப் பாடங்கள் வாயிலாகவே கற்கின்றனர். நமது பல்கலைக்கழக விழாக்களின் சுவரொட்டிகளையும் ஆண்டிதழ்களின் அட்டைகளையும் வடிவமைக்கும் மாணவர் பலரும் இவ்வாறு கற்றவர்களே. ஆகவே, இப்பாடங்களை வெறும் தொழில்நுட்பக் குறிப்புகள் என்று ஒதுக்கிவிடாது, தமக்கென மரபும் உருவமும் உடைய ஒரு பனுவல் வகையாகக் கொண்டு மதிப்பிடுதல் தகும். அவை எம்மரபில் வந்தவை, எதனைத் தருகின்றன, எதனைத் தரமாட்டா, தமிழிற் பணிபுரிவோர்க்கு அவற்றால் நேரும் நன்மை தீமைகள் யாவை என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

2

தொழில் நுட்பங்களைப் பொதுமக்கள் அறியச் செய்யும் முயற்சி இணையத்தோடு தொடங்கியதன்று. கத்தி செய்யும் தொழிலாளர் ஒருவரின் மகனான டெனி டிடறோ, தாலம்பேருடன் இணைந்து தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை 17 உரைத்தொகுதிகளாகவும் 11 படத்தொகுதிகளாகவும் வெளிவந்தது. பட்டறைகளின் உள்ளே தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து தொழில் பயில்வோனுக்கும் மட்டுமே சென்ற அறிவைப் பொதுவுடைமையாக்கியமை அதன் வரலாற்றுச் சிறப்பு. எனினும், அச்சிட்ட படம் அசைவற்றது. கருவியும் கையும் அதிலே தெரியும். கையின் வேகமும் அழுத்தமும் தெரியா.

அக்குறையைத் தொலைக்காட்சி ஓரளவு போக்கிற்று. ஐக்கிய அமெரிக்காவிலே 1983 முதல் 1994 வரை ஒளிபரப்பான பொப் றொஸ் என்பவரின் ஓவிய நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. அரைமணி நேர நிகழ்ச்சியொன்றிலே, ஈரவண்ணத்தின் மீது ஈரவண்ணம் தீட்டும் முறையால், வெறுந் திரைச்சீலை ஒரு நிலக்காட்சியாக மாறிவிடும். பார்ப்போரைக் கவர்ந்தது அவரது எளிமையே. ஆயின், அவர் ஒவ்வோர் ஓவியத்தையும் பொதுவாக மூன்றுமுறை தீட்டினார் என்பது மனங்கொளத்தக்கது. பார்த்துத் தீட்டுவதற்காக ஒளிப்பதிவுக்கு முன்பு ஒன்றும், படப்பிடிப்பின்போது ஒன்றும், நூலிற் சேர்ப்பதற்காகப் பின்பு ஒன்றுமாக அவை அமைந்தன. திரையில் நாம் கண்ட தன்னியல்பு முன்னர் ஒத்திகை பார்க்கப்பட்ட தன்னியல்பாகும். இது பழிக்கத்தக்கதன்று, நல்லாசிரியர் எவரும் ஆயத்தமின்றி வகுப்புக்குச் செல்வதில்லை. ஆனால் ஆயத்தம் மறைக்கப்படும்போது, கலை இலகுவானது என்ற மயக்கம் பார்ப்போரிடம் தோன்றுகிறது. இணையப் பாடம் இம்மரபின் நேரடி வாரிசு ஆகும். தயக்கங்களையும் தோல்விகளையும் வெட்டி நீக்கிய பின்னரே காணொளி நம்மை வந்தடைகிறது.

3

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு பாடத்தை எடுத்து நோக்குதல் பயனுடைத்து. பிளெண்டர் எனும் முப்பரிமாண மென்பொருளைக் கற்கத் தொடங்குவோர் பலர் முதலிற் செய்வது ஒரு டோனட் ஆகும். அவுஸ்திரேலியரான அன்ட்ரூ பிறைஸ் ஆக்கிய தொடர்பாடமே இவ்வழக்கத்துக்குக் காரணம்.

பாடத்துக்கு முன்னர் மென்பொருளின் வரலாற்றையும் சுருக்கமாக அறிதல் வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த தொன் றோசண்டால் தமது அசைவூட்ட நிறுவனத்தின் உட்பயன்பாட்டுக்காக 1994 இல் ஆக்கத் தொடங்கிய பிளெண்டர், 1998 இல் அதற்கெனத் தோன்றிய வணிக நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. 2002 இல் முதலீட்டாளர் அந்நிறுவனத்தை மூடியபோது, அம்மென்பொருளின் மூலநிரல்களை விடுவிப்பதற்கு 100,000 யூறோ தேவைப்பட்டது. பயன்படுத்துவோரிடம் விடுத்த வேண்டுகோளின் பயனாக ஏழு வாரங்களில் அத்தொகை திரண்டது. 2002 ஒக்டோபர் 13 ஆம் நாள் மூலநிரல்கள் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டன. மறுபுறம், அடோபி நிறுவனம் 2013 இலிருந்து தனது வரைகலை மென்பொருள்களைத் தவணைக் கட்டண முறைக்கு மாற்றிற்று. உழைப்புக் கருவி எவருக்குச் சொந்தம் என்னும் பழைய பொருளாதார வினா கணினிக் கலையிலும் தொடர்ந்து நிற்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் புலப்படுத்துகின்றன. கருவி விலையின்றிக் கிடைக்க, அதனைக் கற்பிக்கும் பாடமும் விலையின்றிக் கிடைக்கும் நிலை, வசதி குறைந்த மாணவர்க்கு ஒரு பெரும் வாய்ப்பு என்பதை எவ்விமரிசகரும் முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். மென்பொருளைத் திறந்தவுடன் ஒரு கனசதுரமும் ஓர் ஒளிமூலமும் ஒரு கமராவும் தோன்றும். கனசதுரத்தை அழித்துவிட்டு ஒரு வளையவுருவைச் சேர்ப்பதோடு பாடம் தொடங்குகிறது. கணிதத் துல்லியமான அவ்வளையத்தின் புள்ளிகளை இங்குமங்கும் இழுத்து அதன் ஒழுங்கைக் குலைத்தல் அடுத்த படி. பின்னர் மேற்பாதியைப் பிரதிசெய்து, தடிப்பேற்றி, விளிம்புகளை வழியவிட்டு இனிப்புப் பூச்சாக மாற்றுகின்றனர். வண்ணச் சீனித்துகள்கள் தூவப்படுகின்றன. நிறமும் ஒளியும் அமைத்து இறுதிப்படம் பெறப்படுகிறது. 2019 இல் மென்பொருளின் 2.8 ஆம் பதிப்பு வந்தபோது பாடமும் அதற்கேற்பப் புதுக்கப்பட்டது. பின்வந்த பதிப்புகளுக்காகவும் திருத்தியமைக்கப்பட்டது.

இப்பாடத்தின் தலைசிறந்த பகுதி எது? டோனட்டின் இடுப்பைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் உண்டு. மா எண்ணெயில் மிதந்து, ஒருபுறம் வெந்தபின் மறுபுறம் புரட்டப்படுவதால், இடைப்பகுதி எண்ணெயில் அதிகம் அமிழ்வதில்லை; அதனால் அது சிவப்பதில்லை. அவ்வளையத்தைத் தீட்டுமாறு ஆசிரியர் கூறும்போது, பாடம் விசைகளின் வரிசை என்னும் நிலையைக் கடந்து விடுகிறது. மெய்யான பண்டத்தை உற்றுநோக்குக, அதன் தோற்றத்துக்குக் காரணம் தேடுக என்னும் கலைக்கல்வியின் அடிப்படை விதி அங்கே கற்பிக்கப்படுகிறது. வளையத்தின் துல்லியத்தைக் குலைக்குமாறு கூறுமிடமும் அத்தகையதே. நல்ல பாடத்துக்கும் சாதாரண பாடத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தங்கியுள்ளது. சாதாரண பாடம் எதனை அழுத்துவது என்று கூறும். நல்ல பாடம் ஏன் அழுத்துகிறோம் என்பதையும் கூறும்.

4

ஆயினும், பாடத்தைக் கண்டவர் கலையைக் கற்றவராவாரா? இவ்வினாவுக்கு விடைகாண்பதற்கு நமது மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியர், மாணாக்கர், பாடஞ்சொல்லல், பாடங்கேட்டல் ஆகியவற்றை வகுத்துக் கூறுகிறது. ஒரு நூலை இருமுறை கேட்பவர்க்குப் பிழைபாடு பெரிதும் நீங்கும் எனவும், மும்முறை கேட்பவர் அதனை முறையறிந்து சொல்ல வல்லவராவர் எனவும் அது கருதுகிறது. இவ்வகையில் இணையப் பாடத்துக்கு நிகர் வேறில்லை. ஆசிரியரின் பொறுமையைச் சோதிக்காது எத்தனை முறையும் அதனைக் கேட்கலாம்; நிறுத்தலாம்; பின்னோக்கிச் செல்லலாம். வகுப்பிலே கேள்வி கேட்க அஞ்சும் மாணவர்க்கு இது பெரும் விடுதலை.

ஆனால் நன்னூலார் அத்துடன் அமையவில்லை. ஆசான் உரைத்ததை முழுமையாக மனங்கொண்டாலும் அதனாற் கிட்டுவது புலமையின் காற்கூறே என்பர். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறும், கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் உரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் கிட்டும் என்பது அவர் கணக்கு. இக்கணக்கின்படி, இணையப் பாடம் மிகச் சிறப்பாக அமைந்தாலும் தரவல்லது கால்பங்கே. எஞ்சிய முக்காற்பங்கு எங்கிருந்து வரும் என்பதே நமது காலத்துச் சிக்கல்.

அக்கால்பங்கும் பார்ப்பதால் மட்டும் வந்துவிடாது. மைக்கல் கார்டாஸ், எட் ஓபிறையன் ஆகிய ஆய்வாளர் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு கருதத்தக்கது. ஒரு செயலைக் காணொளியிற் பலமுறை கண்டோர், தாமும் அதனைச் செய்யவல்லோம் என்னும் நம்பிக்கையிற் பெரிதும் வளர்ந்தனர். ஆனால் இலக்குப் பலகையிற் சிற்றம்பெறிதல் போன்ற செயல்களைச் செய்வித்துப் பார்த்தபோது, அவர்தம் திறமை அவ்வாறு வளர்ந்திருக்கவில்லை. கையாற் பொருளைச் சற்றே ஏந்திப் பார்ப்பதே அம்மயக்கத்தைத் தணித்தது. ஒரு பாடம் முடிந்ததும் அடுத்த பாடம், அதன்பின் இன்னொன்று எனக் காணொளிகளையே தொடர்ந்து சென்று, சொந்த ஆக்கம் ஒன்றையேனும் தொடங்காதிருக்கும் நிலை இம்மயக்கத்தின் முதிர்ச்சியாகும்.

இவ்விடத்தே ஒரு மறுப்பு எழலாம். பார்த்துச் செய்தல் எல்லாக் கலைக்கும் முதற்படியன்றோ? சரளி வரிசையைப் பாடாமல் இராக ஆலாபனைக்கு எவரும் சென்றதில்லை என்பர். அது உண்மையே. 1400 ஆம் ஆண்டையொட்டி ஓவியத்தொழில் பற்றி நூலெழுதிய இத்தாலியரான சென்னினோ சென்னினியும் ஆசானின் ஆக்கங்களைப் பார்த்து வரையுமாறே கூறுகிறார். ஆனால் இன்று ஒருவரையும் நாளை இன்னொருவரையும் பின்பற்றினால் எவருடைய பாணியும் கைவராது எனவும் அவர் எச்சரித்துள்ளார். பார்த்துச் செய்தல் குற்றமன்று. எவர் முன்னிலையிற் செய்கிறோம் என்பதே கேள்வி. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1909 இல் இந்தியக் கைவினைஞன் பற்றி எழுதிய நூலிலே, கைவினைஞனின் கல்வி பட்டறையில், மெய்யான வேலையின் ஊடாக நிகழ்ந்தமையை வற்புறுத்தினார். அங்கே மாணவனின் கையை ஆசானின் கண் தொடர்ந்து நோக்கிக்கொண்டிருந்தது. இணையப் பாடத்தில் இவ்வுறவு தலைகீழாகிறது. மாணவர் ஆசிரியரைக் காண்கிறார். ஆசிரியர் மாணவரைக் காண்பதில்லை. பாடம் சொல்வது உண்டு. பிழை திருத்துவது இல்லை.

இதன் விளைவை எளிய சோதனையொன்றால் அறியலாம். டோனட் செய்து முடித்த மாணவரிடம் ஓர் உழுந்து வடையைச் செய்யுமாறு கூறுக. இரண்டும் வளையவுருக்களே, இரண்டும் எண்ணெயிற் பொரிவனவே. ஆயினும் வடையிற் பூச்சு இல்லை, சீனித்துகள் இல்லை. அதன் மேற்பரப்பு மொறுமொறுப்பாகவும் மேடுபள்ளமாகவும் உள்ளது. நடுத்துளை விரலால் இட்டமையின் ஒழுங்கற்றது. சிவப்பு மேட்டிற் கூடியும் பள்ளத்திற் குறைந்தும் நிற்கும். இவற்றுக்குப் பாடத்தில் விடையில்லை. பாடத்தின் படிகளை மட்டும் மனனஞ் செய்தவர் இங்கே திகைத்து நிற்பார். வெளிறிய வளையத்திலிருந்து உற்றுநோக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டவர் வடையைக் கையிலெடுத்துப் பார்ப்பார். ஒரே பாடம் இருவகை மாணவரை உருவாக்குவது இவ்வாறுதான். நன்னூலார் மாணாக்கரை அன்னம் எனவும் கிளி எனவும் வகுத்தமையின் பொருத்தம் இங்கு புலனாகும்.

5

தமிழிற் பணிபுரியும் மாணவர்க்கு மற்றுமொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்திற் பாடம் கேட்பது பெருந்தடையன்று. கட்டளைகளின் பெயர்கள் ஆங்கிலமாயினும் கை அவற்றை விரைவிற் பழகிக்கொள்ளும். தமிழிற் பாடம் சொல்வோரும் இன்று உளர். ஆழமான தடை பாடங்களின் உள்ளடக்கத்திலேயே பொதிந்துள்ளது. எழுத்துவடிவமைப்புப் பற்றிய பாடங்களுட் பெரும்பாலானவை உரோம எழுத்தை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டவை. தலைப்பைப் பெரிய எழுத்தில் இடுக, எழுத்துகளிடையே வெளியை அகலமாக்குக, வற்புறுத்த வேண்டிய சொல்லைச் சாய்த்து இடுக என்பன அவற்றிற் பொதுவாகக் காணப்படும் அறிவுரைகள். தமிழிற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. எழுத்தின் அகலம் ரகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையே பெரிதும் வேறுபடுவது. மேல்விலங்கும் கீழ்விலங்கும் உடைய எழுத்துகள் அடுத்தடுத்த வரிகளில் மோதாதிருக்க வரியிடைவெளி கூட வேண்டும். இவற்றைக் கூறாத பாடத்தை அவ்வாறே பின்பற்றினால், உரோம எழுத்துக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு அணிவித்த தோற்றமே எஞ்சும்.

தொழில்நுட்பக் காரணமும் இதனோடு சேர்ந்துகொண்டது. போட்டோஷொப் போன்ற மென்பொருள்களிற் பல ஆண்டுகளாக, தென்னாசிய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தெரிவுசெய்தாலன்றித் தமிழ் ஒருங்குறி எழுத்துகள் சரியாக அமையவில்லை. மெய்யின் இடப்புறம் நிற்கவேண்டிய கொம்பு வலப்புறத்தே சென்று நின்றது. பொதுவான பாடங்கள் அத்தெரிவைப் பற்றிப் பேசுவதில்லை. அவற்றை ஆக்கியோர்க்கு அது தேவைப்படவுமில்லை. ஆகவே நம்மவர் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே தங்கினர். அவ்வெழுத்துருவில் அமைத்த பனுவல் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினிக்கு அது உரோம எழுத்துக் கோவையே. பின்னர் தேடவும், மீளப் பயன்படுத்தவும் முனைவோர்க்கு அது தடையாகிறது. பாடம் கூறாது விட்ட ஒரு சிறு குறிப்பு, ஒரு மொழியின் ஆவணங்களையே பாதிக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும். எல்லோர்க்கும் பொது என்று கூறப்படும் பாடமும் எவரோ ஒருவரின் மொழியையும் தேவையையும் அடித்தளமாகக் கொண்டே எழுகிறது.

6

அவ்வாறாயின், இணையப் பாடங்களைப் புறக்கணித்துப் பழைய பட்டறைக்கு மீளுதல் வேண்டுமா? அது இயலாததும் வேண்டாததும் ஆகும். பட்டறை குலத்தாலும் பாலாலும் பலரை வெளியே நிறுத்தியது. இணையப் பாடம் அவ்வகையில் எவரையும் விலக்கவில்லை. விலையற்ற கருவியும் தன்முயற்சியும் எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதற்கு லத்வியாவைச் சேர்ந்த கின்ற்ஸ் சில்பலோடிஸ் சான்று. திரைப்படக் கல்லூரி வழியாக வராது, படங்களை ஆக்கியவாறே தொழிலைக் கற்ற அவர், 2019 இல் 'அவே' என்னும் முழுநீள அசைவூட்டப் படத்தைத் தனியொருவராக ஆக்கினார். பின்னர் பிளெண்டரைக் கொண்டு ஆக்கிய 'ஃபுளோ' என்னும் உரையாடலற்ற படம் 2024 இல் வெளிவந்து, 2025 இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. இரண்டாவது படத்தை அவர் தனித்து ஆக்கவில்லை. லத்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய நாடுகளின் கலைஞர் குழுவோடு இணைந்தே ஆக்கினார் என்பது நமது வாதத்துக்கு முக்கியமானது. தனிமை தொடக்கத்துக்குப் போதுமாயிருந்தது. வளர்ச்சிக்கு உடன்பயில்வோர் வேண்டியிருந்தனர்.

ஆகவே, நன்னூலார் கூறிய எஞ்சிய முக்காற்பங்கைப் பல்கலைக்கழகமும் அதன் மாணவர் சங்கங்களுமே வழங்குதல் வேண்டும். நாம் கவியரங்கு நடத்துகிறோம். நூல் விமரிசனக் கூட்டம் நடத்துகிறோம். சுவரொட்டியையும் அசைவூட்டத்தையும் குறும்படத்தையும் அவ்வாறு நடுவில் வைத்து, ஆக்கியவர் முன்னிலையிலேயே குணங்குற்றம் ஆராயும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. அழகாயிருக்கிறது என்ற ஒரு சொல்லோடு அவற்றைக் கடந்துசெல்கிறோம். திரையினால் திரும்பி நோக்க இயலாது. உடன்பயிலும் ஒருவரால் இயலும். மாதமொருமுறை கூடி ஒருவர் ஆக்கத்தை மற்றவர் திருத்தும் வழக்கம் இரண்டாவது காற்கூற்றைத் தரும்.

எஞ்சியது அரைக்கூறு. கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் உரைத்தல் என்பது இன்று தமிழிற் பாடங்கள் ஆக்குதலாகும். அது ஆங்கிலப் பாடத்தைத் தமிழொலியிற் கூறுவதோடு அமையாது. தமிழ் எழுத்தின் இயல்பறிந்து, தமிழ் ஒருங்குறியைக் கையாளும் முறை காட்டி, நமது பொருள்களை நமது கண்ணால் உற்றுநோக்கச் செய்வதாக அமைதல் வேண்டும். அழகியலும் எழுத்தின் வரலாறும் அறிந்த தமிழ்த்துறை மாணவரும், கருவியின் நுட்பமறிந்த விஞ்ஞான, பொறியியற் பீட மாணவரும் ஒன்றுசேர்ந்தாலன்றி இப்பணி நிறைவேறாது.

இதுவரை நாம் இப்பாடங்களின் நுகர்வோராகவே பெரிதும் இருந்துள்ளோம். நுகர்வோராக மட்டும் இருக்கும்வரை, நமக்குக் கிட்டுவது காற்கூறே. அக்காற்கூற்றை முழுமையெனக் கருதி அமைவோமாயின், நமது எழுத்தின் வடிவம் குறித்த முடிவுகளை நம்மை அறியாத பிறர் எடுத்துக்கொண்டேயிருப்பர்.